உறுமிக்கு நான் போட்ட மதிப்பெண்



பிள்ளைகளின் தேர்ச்சி அட்டையில் மதிப்பெண் போடுவது ஆசிரியர் தொழில். போட்ட மதிப்பெண் தவறு என்று பல வருடம் கழித்துத் தெரியவந்தால் அந்த ஆசிரியர் என்ன செய்வது? எனக்கு அப்படி ஒன்று நேர்ந்தது. அதை உங்களிடம் சொல்லி மனச்சுமையைக் கொஞ்சம் இறக்கி வைக்கிறேன்.

2007ஆம் ஆண்டு. பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழோடு தோட்டப் பள்ளிக்கு வந்து எனக்கு மூன்றாம் வருடம். ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. ஆறாம் ஆண்டுப் பையன்கள் நான்கு பேர் வகுப்பு வாசலில் வந்து நின்றார்கள்.

"டீச்சர், நாங்க மேடையில உறுமி அடிக்கிறோம்."

அவர்களில் ஒருவன், தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் தாத்தாவுக்குப் பக்கத்தில் நின்று அடித்துப் பழகியவன். நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"சாவு வீட்டு மேளமெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு வேணாம். கோலாட்டம் இருக்கு, பரதம் இருக்கு. போய்ப் படிக்கிற வேலையைப் பாருங்க."

பையன் ஒன்றும் பேசவில்லை. கையிலிருந்த வளைந்த குச்சியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போய்விட்டான்.

உறுமியை நீங்கள் அறிவீர்கள். இடை சிறுத்த மேளம், இரண்டு முகம். ஒரு பக்கம் அடிப்பார்கள். மறுபக்கம் வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில்தான் வயிற்றைப் பிசையும் உறுமல் வரும். ரஜூலா போன்ற கப்பல்களில் வந்து அந்நாளைய போர்ட் சுவெட்டன்ஹாமில், அதாவது 1972இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறிய நம் துறைமுகத்தில், இறங்கிய நம் பாட்டன்மார்களின் சொத்து அது. அதைத்தான் நான் "வேணாம்" என்றேன்.

அதே 2007ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு லண்டன் தமிழ்ப் பெண்ணின் இரண்டாவது இசைத்தட்டு வெளிவந்தது. அந்தச் சங்கதி அப்போது எனக்குத் தெரியாது. பாடகியின் பெயர் மாதங்கி மாயா அருள்பிரகாசம். உலகம் எம்.ஐ.ஏ. என்று அழைக்கிறது. லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், சண்டைக்குப் பயந்து சென்னையில் சில காலம் இருந்து, 1980களின் நடுவில் தாயோடு மறுபடி லண்டனுக்கு அகதியாகப் போனவர். அவர்கள் குடியிருந்த இடத்தின் பெயரிலும் ஓர் எஸ்டேட் இருக்கிறது: பிப்ஸ் பிரிட்ஜ் எஸ்டேட். அங்கே பால்மரமும் இல்லை, செம்பனையும் இல்லை; ஏழைகளுக்கு அரசாங்கம் கட்டிக் கொடுத்த குடியிருப்பு. தாய் துணி தைத்துப் பிள்ளைகளை வளர்த்தார்.

2005இல் வந்த முதல் இசைத்தட்டுக்கு, அரசியலில் இறங்கிக் குடும்பத்தை விட்டு விலகியிருந்த தந்தையின் இயக்கப் பெயரை வைத்தார்: 'அருளர்'. இரண்டாவதற்குத் தாயின் பெயர்: 'கலா'.

முதல் தவணையில் முதலாவதாக வந்த பிள்ளையை இரண்டாம் தவணையில் எல்லாரும் உற்றுப் பார்ப்பார்கள் அல்லவா? இசை உலகத்திலும் அப்படித்தான். முதல் தட்டுக்குக் கைதட்டியவர்கள், இரண்டாவது வரும்போது, சரக்கு தீர்ந்துவிட்டதா என்று பார்க்கத் தயாராக இருப்பார்கள். மாயாவுக்கு வேறு தொல்லையும் வந்தது. அமெரிக்கா போய்ப் பெரிய இசைத் தயாரிப்பாளரோடு வேலை செய்ய நினைத்தார். 2006இல் விசா கிடைக்கவில்லை. மூலையில் உட்கார்ந்து அழாமல், இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, ஆஸ்திரேலியா என்று சுற்றி அங்கங்கே பதிவு செய்தார். ஆஸ்திரேலியப் பூர்வகுடிச் சிறுவர்கள், பள்ளிப் பிள்ளைகள், ஆற்றில் மீன் பிடிப்பதைப் பாடுவதும் அந்தத் தட்டில் இருக்கிறது.

2009இல் ரகுமான் ஆஸ்கார் வாங்கியபோதுதான் மாயாவின் பெயர் என் காதில் விழுந்தது. அதே படத்தில் இருவரும் சேர்ந்து செய்த பாட்டும் ஆஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்தது. கோலாலம்பூரில் வேலை செய்த என் தம்பி 'கலா'வைக் கொண்டுவந்து போட்டான். முதல் பாட்டிலேயே நம் இளையராஜா! 1991இல் வந்த 'தளபதி' படத்துப் பாட்டின் ஒரு துண்டைச் சேர்த்திருந்தார்கள். இரண்டாவது பாட்டு தொடங்கியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உறுமி! சந்தேகமே இல்லை, நம் திருவிழா உறுமி.

பத்திரிகைகளில் வந்த விமர்சனங்களைத் தம்பி படித்துச் சொன்னான். முதல் தட்டைப்போல் சுலபமாகக் காதில் நுழையவில்லை என்றவர்கள் உண்டு. ஆனால் பெரும்பாலோர் பாராட்டினார்கள். அமெரிக்காவின் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை 2007ஆம் ஆண்டின் சிறந்த இசைத்தட்டு என்று முதலிடமே கொடுத்தது. விற்பனை அந்த அளவுக்கு ஓடவில்லை. பிரிட்டிஷ் பட்டியலில் 39ஆம் இடம், அமெரிக்காவில் 18ஆம் இடம். ஆனால் விசாவையும் அகதிகளைப் பற்றிய பயத்தையும் கேலி செய்த 'பேப்பர் பிளேன்ஸ்' என்ற பாட்டு, அடுத்த ஆண்டில் அமெரிக்காவில் நாலாம் இடம்வரை ஏறியது.

இதில் ஒரு கசப்பும் உண்டு. முதல் தட்டு வந்தபோது, அதெல்லாம் டிப்ளோ என்ற அமெரிக்க இசைக்காரரின் கைவண்ணம் என்று பலர் எழுதினார்கள். அவர் தயாரித்தது அதில் ஒரே பாட்டு! 2007இல் ஒரு பேட்டியில் மாயா இதைக் கோபமாகவே கேட்டார். அவர் முன்கோபக்காரர், பத்திரிகைக்காரர்களோடு பலமுறை முட்டிக்கொண்டவர். ஆனால் இந்தக் கோபம் நியாயமானது என்று எனக்குப் பட்டது. உழைத்தவளின் பெயர் மறைந்து போவது நம் வீடுகளிலும் நடக்கிற கதைதானே.

அந்தப் பாட்டைக் கேட்ட நாள் முதல் சட்டைக்குள் போன குச்சி என் கண்ணை விட்டு அகலவில்லை. பையனோ இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டான்; குடும்பமும் தோட்டத்தை விட்டு வெளியேறிவிட்டது.

சென்ற திருவிழாவில் போர்ட் கிள்ளானில் அவனைப் பார்த்தேன். சாமி ஊர்வலத்தில் மஞ்சள் சட்டைக் குழு ஒன்று அடித்துக்கொண்டு வந்தது. நடுவில் அவன். முப்பது வயது ஆள் இப்போது. துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறானாம். ஓய்வு நேரத்தில் ஓடி வந்து, "டீச்சர், நல்லா இருக்கீங்களா?" என்றான்.

எனக்கு அவசரம். கைப்பேசியில் அந்தப் பாட்டைத் தேடிப் போட்டு அவன் காதருகே வைத்தேன். கண்ணை மூடிக் கேட்டான். விரல்கள் தோலின்மேல் தாளம் போட்டன.

"நல்லா அடிச்சிருக்காங்க டீச்சர். யாரு அடிச்சது?"

"மாயான்னு லண்டன் தமிழ்ப் பொண்ணு. வெள்ளைக்காரங்க எல்லாம் பாராட்டி எழுதியிருக்காங்க."

"அவங்க பாடுனவங்க. அடிச்சது யாரு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தம்பி படித்துக் காட்டிய எந்த விமர்சனத்திலும் மேளக்காரர்களின் பெயர் இல்லை. இத்தனை வருடத்தில் அதைத் தேட வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

அவன் சிரித்தான். "வெள்ளைக்காரங்க எழுதுனதாலதான் இப்ப நல்லாயிருக்கா, டீச்சர்?"

"அன்னிக்கு நான் சொன்னது தப்புப்பா" என்றேன்.

"எப்பவோ நடந்தது, விடுங்க. தாத்தாதான் பள்ளிக்கூடத்துக்கு வந்து பாக்குறேன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு. அடுத்த வருசம் அவரு இல்ல" என்றான். குழு கூப்பிட்டது. போய் மேளத்தை மாட்டிக்கொண்டான்.

அந்தச் சத்தத்தில் நின்றுகொண்டுதான் எனக்கு ஒன்று விளங்கியது. 'கலா'வுக்கு எத்தனை நட்சத்திரம் என்பது பத்திரிகைகளின் பாடு. அந்த மெச்சல் வந்த பிறகு உறுமியை மெச்சிய நான், 2007இல் செய்த தவற்றையே வேறு விதமாகச் செய்திருக்கிறேன். அன்றைக்கும் நான் காது கொடுத்துக் கேட்கவில்லை; பிற்பாடும் அடுத்தவர் கேட்டுச் சொன்னதைத்தான் நம்பினேன்.

வாசகர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு முதல் விமர்சகர் நீங்கள், இரண்டாவது நாங்கள். வீட்டு வாசற்படியில் மைலோ டின்னைத் தட்டுகிறானா? ஒரு பாட்டு முடியும்வரை கேளுங்கள். அதன் பிறகு நன்றாக இருக்கிறது என்றும் சொல்லலாம், நன்றாக இல்லை என்றும் சொல்லலாம். கேட்காமல் சொல்லாதீர்கள்.

இப்போது சனிக்கிழமைகளில் அவன் எங்கள் பள்ளிக்கு வந்து ஆறு பிள்ளைகளுக்கு உறுமி சொல்லிக் கொடுக்கிறான். விழா நிகழ்ச்சித் தாளை நான்தான் எழுதுகிறேன். ஆறு பேர் பெயரையும் எழுதி, அதன் கீழே சொல்லிக் கொடுத்தவன் பெயரையும், அவன் தாத்தா பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன்.