பாஹியான் ஏன் வரவில்லை?

எங்கள் வீட்டு இராச் சாப்பாட்டுக்கும் டெலிவிஷன் வினாப் போட்டிகளுக்கும் வெகு காலமாக ஓர் உறவு உண்டு. இங்கே ரசம் பரிமாறும் சமயத்தில் அங்கே முதற் கேள்வி பிறக்கும். இங்கே மோருக்குக் கை நீட்டும்போது, அங்கே யாராவது ஒருவர் அசட்டு விடை ஒன்றைச் சொல்லிவிட்டு, நாற்காலியை விட்டு இறங்கிக்கொண்டிருப்பார். "ஐயோ பாவம், இதுகூடவா தெரியாது!" என்பாள் என் மனைவி. 'பாவம்' என்ற சொல் அதில் இருக்கிறதே தவிர, இரக்கம் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. என் மகள் சிரித்துப் புரைக்கேறித் தலையில் தட்டிக்கொள்வாள். நானோ உபாத்தியாயர். அசட்டு விடைகளைக் கண்டுபிடித்துச் சிவப்பு மையால் சுழிப்பதற்கென்றே எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். ஆகையால் வீட்டில் இந்த இலாகாவில் கடைசித் தீர்ப்பு என்னுடையதாகவே இருந்து வந்தது.

இத்தகைய விடைகளை எழுதி வைப்பதற்கென்று நான் ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்திருந்தேன். 2000-ஆம் வருஷத்தில் ஸ்ரீ அமிதாப் பச்சன் ஹிந்தியில் 'கௌன் பனேகா குரோர்பதி'யைத் துவக்கியபோது நான் கல்லூரி மாணவன். அதே வருஷம் தமிழில் ஸ்ரீ சரத்குமார் 'கோடீஸ்வரன்' நடத்தினார். 2012-இல் ஸ்ரீ சூர்யா 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' என்று ஆசை காட்டினார். பிறகு ஸ்ரீமதி ராதிகா பெண்மணிகளுக்கென்றே 'கோடீஸ்வரி'யை நடத்தினார். அதில் மதுரையைச் சேர்ந்த கௌசல்யா கார்த்திகா என்னும் பெண்மணி, செவிப்புலனும் பேச்சும் வாய்க்கப் பெறாதவர், 2020 ஜனவரியில் முழுக் கோடியையும் வென்றார். அதை நான் நோட்டில் எழுதவில்லை. சரியான விடைகளுக்கு அந்த நோட்டில் இடம் கிடையாது.

இந்தப் பழக்கம் எனக்கு மட்டும் உரியதென்று எண்ணிவிட வேண்டாம். லண்டன் மாநகரத்தில் 'பிரைவேட் ஐ' என்னும் பரிகாசப் பத்திரிகை, டெலிவிஷன் போட்டிகளில் பிறக்கும் அசட்டு விடைகளைத் திரட்டிப் போடுவதற்கென்றே ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறது. ஆக, உலகத்தில் எங்கே பார்த்தாலும் சாப்பாட்டு வேளையில் இதே சிரிப்புத்தான்.

என் நோட்டின் மிக உயர்ந்த இரத்தினம் 2019 செப்டம்பர் மாதத்தில் கிடைத்தது. ஹிந்திப் போட்டியில் நடிகை சோனாக்ஷி சின்ஹா உட்கார்ந்திருந்தார். அனுமார் சஞ்சீவி மூலிகையை யாருக்காகக் கொண்டு வந்தார் என்பது கேள்வி. சுக்ரீவன், இலக்ஷ்மணன், சீதை, இராமன் என்று நான்கு பெயர்களையும் எதிரே எழுதிக் காட்டினார்கள். எங்கள் தெருக்கோடியில் பிள்ளையார் கோயில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவியைக் கேட்டால், தூக்கத்திலேயே விடை சொல்வாள். நடிகையோ தடுமாறி, நிபுணரின் உதவியை நாடினார். அவருடைய தகப்பனார் பெயர் சத்ருக்னர். பெரியப்பாமார்களில் ஒருவர் பெயர் இலக்ஷ்மணன். சகோதரர்கள் லவன், குசன். வீட்டின் பெயரோ சாக்ஷாத் 'ராமாயணம்'! தேசம் முழுவதும் சிரித்தது என்பதைச் சொல்லவும் வேண்டுமா? நான் அன்று இரண்டு பக்கம் எழுதினேன். நம் படிப்பின் கோலத்தைப் பற்றிக் காரசாரமாக நான்கு வரிகளும் சேர்த்தேன்.

ஒரு விஷயத்தை மட்டும் எழுதவில்லை. அந்த நடிகை அன்று பக்கத்துணையாகத்தான் வந்திருந்தார். போட்டிக்கு வந்தவர் ராஜஸ்தானத்தில் பார்மர் ஜில்லாவைச் சேர்ந்த ரூமா தேவி. கிராமத்துப் பெண்களுக்குப் பின்னல் தையல் வேலையில் பழக்கம் கொடுத்து, ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பிழைப்புக்கு வழி செய்தவர். நூலை நம்பி வாழும் காஞ்சீபுரத்தில் இருந்துகொண்டு, அந்தப் பெண்மணியின் பெயரை நான் குறித்துக்கொள்ளாமல் போனேன். சஞ்சீவி மலை கண்ணை மறைத்துவிட்டது.

மற்றோர் இரத்தினம் பிரான்ஸ் தேசத்திலிருந்து வந்தது. 2000-இல் அங்கே துவங்கிய இதே மாதிரிப் போட்டியில், பூமியைச் சுற்றி வருவது எது என்று ஒருவரைக் கேட்டார்கள். சந்திரன், சூரியன், செவ்வாய், சுக்கிரன் என்பவை நான்கு விடைகள். மனிதர் திகைத்துப் போய்ச் சபையோரின் வாக்கைக் கேட்டார். நூற்றுக்கு 56 பேர் 'சூரியன்' என்றார்கள்! அவரும் அப்படியே சொல்லித் தோற்றார். கோப்பர்னிக்கஸ் புத்தகம் வெளியிட்டது 1543-இல். இத்தனைக்கும் சபையோர் வாக்கு அவ்வளவு மட்டமானதல்ல. அமெரிக்கப் போட்டியைப் பற்றி ஜேம்ஸ் சுரோவிக்கி என்பவர் 2004-இல் எழுதிய புத்தகத்தில் ஒரு கணக்குக் கொடுக்கிறார். கெட்டிக்கார நண்பரை டெலிபோனில் கேட்டவர்களுக்கு நூற்றுக்கு ஏறக்குறைய 65 தடவைதான் சரியான விடை கிடைத்ததாம். சும்மா வேடிக்கை பார்க்க வந்த ஜனங்களைக் கேட்டவர்களுக்கோ 91 தடவை! வோட்டுரிமையில் நம்பிக்கையுள்ளவர்களுக்கு இது சந்தோஷமான செய்தி. பாரிஸ் நகரத்துச் சபையில் மட்டும் அன்று என்ன நேர்ந்ததோ, அல்லது வேண்டுமென்றே குறும்பு செய்தார்களோ!

நிற்க. இப்பொழுது என் கதைக்கு வருகிறேன்.

சென்ற வருஷம் ஒரு டெலிவிஷன் நிலையத்தார் உபாத்தியாயர்களுக்கென்று ஒரு போட்டி வைத்தார்கள். மகள் மனுப் போட்டாள், என்னை அழைத்தார்கள். சரித்திரம் போதிப்பவன், எம்.ஏ. பட்டதாரி, இருபது வருஷமாக மற்றவர்களுடைய தப்புகளைச் சேகரித்து வருபவன். தகுதிக்கு என்ன குறை? பட்டணத்துக்குப் போனேன். முகத்துக்கு மாவு பூசினார்கள். கண்ணைப் பறிக்கும் விளக்குகளுக்கு நடுவில், மார்கழிக் குளிரை அடைத்து வைத்தது போன்ற ஒரு மண்டபத்தில், கால் தரையில் எட்டாத ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். முதல் மூன்று கேள்விகளையும் தள்ளிவிட்டேன். நான்காவது கேள்வியைக் கேட்டதும், நிகழ்ச்சியை நடத்திய பெண் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தாள். "உங்கள் ஊர்க் கேள்வி வந்திருக்கிறது, சார்! ஏழாம் நூற்றாண்டில் காஞ்சீபுரத்துக்கு வந்த சீன யாத்திரிகர் யார்?"

"பாஹியான்" என்றேன்.

சொன்ன மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. வாயை விட்டுப் போன சொல்லை எந்த அனுமார் திரும்பக் கொண்டு வருவார்? யுவான் சுவாங் அல்லவா வந்தவர்! 640-ஆம் வருஷத்தையொட்டி, மாமல்லர் அரசாண்ட காலத்தில் வந்து, நூறு பௌத்த மடங்களும் பதினாயிரம் பிக்ஷுக்களும் எண்பது தேவாலயங்களும் இருந்ததாக எழுதி வைத்துவிட்டுப் போனவர். நாளந்தாவில் தலைமை வகித்த தர்மபாலர் நம் ஊர்க்காரர் என்று குறித்தவரும் அவரே. இதையெல்லாம் வருஷா வருஷம் நான் கரும்பலகையில் எழுதுகிறேன். ஆனால் எப்படி எழுதுகிறேன்? 'பாஹியான், யுவான் சுவாங், இத்சிங்' என்று வாய்ப்பாடு போல ஒரே மூச்சில்! பயம் வந்த சமயத்தில் வரிசையில் முதலாவதாக நின்றவர் முதலாவதாக வெளியே குதித்துவிட்டார். 'சிவகாமியின் சபதம்' படித்த எந்தக் குடும்பப் பெண்ணும் மாமல்லர் காலத்தைச் சொல்லிவிடுவாள். காஞ்சீபுரத்துச் சரித்திர உபாத்தியாயர் இருநூறு வருஷத்துக்கு மேல் சறுக்கி விழுந்தார்.

இதைவிடப் பெரிய தண்டனை பிறகுதான். நிகழ்ச்சி மூன்று வாரம் கழித்தே ஒளிபரப்பாகும் என்றார்கள். "எப்படி நடந்தது?" என்று மனைவி கேட்டாள். "ஏதோ சுமாராக" என்றேன். அந்த மூன்று வாரமும் பிள்ளையார்பாளையத்தில் என்னைப் பார்த்தவர்களெல்லாம், "ஐயா, எந்தத் தேதி?" என்று விசாரித்தார்கள். தேதியும் வந்தது. அன்று எங்கள் வீட்டில் ரசம் பரிமாறும் சமயத்தில் 'பாஹியான்' வந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. மகள் மாத்திரம் மெதுவாக, "அப்பா, இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமா?" என்று கேட்டாள்.

மறுநாள் எதிர்வீட்டு முதலியார், "இராத்திரி உங்களைப் பார்த்தோம், ஐயா" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. டீக்கடையில் மட்டும் எனக்குப் புதுப் பெயர் வைத்துவிட்டார்கள். 'பாஹியான் வாத்தியார்' என்றால் இன்றைக்கும் தெருவைக் காட்டுவார்கள்.

என்னுடைய விடையையும் நியாயமாக நோட்டில் எழுதிவிட வேண்டும் என்று அன்று மாலை உட்கார்ந்தேன். காலிப் பக்கம் தேடிப் புரட்டும்போது ஒரு குறிப்புக் கண்ணில் பட்டது. 'ஒன்பதாம் வகுப்பு. கேள்வி: பட்டு எங்கிருந்து கிடைக்கிறது? விடை: பெங்களூரிலிருந்து.' கீழே சிவப்பு மையில், 'நெசவாளர் வீட்டுப் பிள்ளை!' என்று நானே எழுதி, ஆச்சரியக் குறியும் போட்டிருந்தேன்.

அந்தப் பையனை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சீனத்துப் பட்டு வழியைப் பற்றிப் பாடம் நடந்த தினம். பட்டுப்புழு என்ற விடையை எதிர்பார்த்து நான் கேட்டேன். அவன் எழுந்து, வெகு நிச்சயமாக, "பெங்களூரிலிருந்து, சார்" என்றான். "நல்லவேளை, பாகு எங்கிருந்து கிடைக்கிறது என்று கேட்கவில்லை. மைசூர் என்றிருப்பாய்!" என்றேன். வகுப்பு முழுவதும் குலுங்கிச் சிரித்தது. எனக்கு அன்று என் ஹாஸ்யத்தைப் பற்றிக் கொஞ்சம் கர்வம்கூட உண்டாயிற்று. அதற்குப் பிறகு அந்தப் பையன் என் வகுப்பில் வாயைத் திறந்ததாக எனக்கு நினைவில்லை. பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்பான். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பான். பெஞ்சுப் பலகையையே பார்ப்பான். மக்கு என்று தீர்மானித்து நானும் விட்டுவிட்டேன்.

நோட்டை மூடிவிட்டு எதிர்வீட்டுக்குப் போனேன். முதலியார் தறியில் உட்கார்ந்திருந்தார். கோர்வைச் சேலை, கரைப் பக்கத்து நாடாவை எறிவதற்கு அவர் மனைவி துணைக்கு உட்கார்ந்திருந்தாள். எங்கேயோ ஓர் ஊடை தவறிவிட்டபடியால், விரலால் ஒவ்வோர் இழையாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"முதலியாரே, பட்டு எங்கிருந்து கிடைக்கிறது?" என்று கேட்டேன்.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "பட்டு பெங்களூர்ப் பக்கத்திலிருந்து. ஜரிகை சூரத்திலிருந்து. வேறே எங்கிருந்து வரும், ஐயா?"

புழுவிலிருந்து என்று நான் சொல்லவில்லை. 'எதிலிருந்து' என்று கேட்க வேண்டியவன் 'எங்கிருந்து' என்று கேட்டிருக்கிறேன். கேட்ட கேள்விக்கு, தன் வீட்டுக் கூடத்தில் தினந்தோறும் காதில் விழும் விடையை அந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறான். என்னுடைய விடையைப் போல் அது வாய் தவறி வந்ததல்ல. என் நோட்டில் இன்னும் எத்தனை விடைகள் இந்த மாதிரியோ! எழுதியபோது நான் விடையை மட்டும் எழுதினேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று ஒருவரையும் கேட்டதில்லை.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனேன். பையன்கள் பத்தாம் வகுப்புக்கு வந்திருந்தார்கள். பின் பெஞ்சிலிருந்து இரண்டொருவர் 'பாஹியான்' என்று இருமினார்கள். நான் மறைக்கவில்லை, நடந்ததை நடந்தபடி சொன்னேன். நன்றாகச் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்த பிறகு, சென்ற வருஷத்துக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதி, "இதற்குப் பெங்களூர் என்பதுதான் சரியான விடை. தப்பு கேள்வியில் இருந்தது. நான் சிரித்ததும் தப்பு" என்றேன். அந்தப் பையன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பெஞ்சுப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குச் சற்று ஏமாற்றந்தான். சினிமாவாக இருந்தால் அந்த இடத்தில் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பான்.

நாலு நாள் சென்றது. வெள்ளிக்கிழமை கடைசி மணியில், பாடம் எதுவோ நடந்துகொண்டிருக்கையில், ஜன்னல் ஓரத்தில் ஒரு கை பாதி உயர்ந்தது. அவன்தான்.

"சார், பாஹியான் ஏன் காஞ்சீபுரத்துக்கு வரவில்லை?"

இருபது வருஷத்தில் ஒருவரும் என்னை இந்தக் கேள்வி கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. "திங்கட்கிழமை சொல்கிறேன்" என்று தவணை வாங்கிக்கொண்டு, அந்த இரண்டு நாளும் பாஹியானின் பிரயாண நூலைப் புரட்டினேன். 399-இல் சீனாவை விட்டுக் கிளம்பிய மனிதர், மலையும் மணலும் கடந்து வட தேசத்தையெல்லாம் பார்த்தார். பிறகு வங்காளத்துத் தாமிரலிப்தியில் கப்பலேறி இலங்கைக்குப் போய், இரண்டு வருஷம் அங்கே தங்கி, கடல் வழியாகவே ஊர் திரும்பிவிட்டார். நம் தென் தேசத்தைப் பற்றிக் காதால் கேட்டதை மட்டும் எழுதியிருக்கிறார். தக்ஷிணத்துக்குப் போகும் வழி கஷ்டமானது. போக விரும்புகிறவர்கள் பணமும் பொருள்களும் கொண்டுபோய் அந்நாட்டு அரசனுக்குக் கொடுத்தால்தான், அவன் வழித்துணைக்கு ஆள் அனுப்புவான். தம்மால் போக முடியவில்லை என்கிறார்.

இதைத் திங்கட்கிழமை வகுப்பில் விஸ்தாரமாகச் சொன்னேன். தேசப் படத்தை மாட்டி, தாமிரலிப்தியையும் கடல் வழியையும் பிரம்பால் காட்டினேன். முடித்துவிட்டு அந்தப் பையனைப் பார்த்து, "என்ன, விடை புரிந்ததா?" என்று கேட்டேன்.

அவன் எழுந்து நின்றான். "புரிந்தது, சார். பஸ்ஸுக்குக் காசு இல்லை."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. இந்தத் தடவை அவனும் சேர்ந்து சிரித்தான். "சரியான விடை, உட்கார்" என்றேன்.