கறுப்பு மாட்டுக்குக் கறுப்பு வர்ணம்

ஜப்பானில் கறுப்பு மாடுகளுக்கு வரிக்குதிரை மாதிரி வெள்ளைக் கோடு போட்டுவிட்டு, ஈ கடிப்பது குறைகிறதா என்று உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். கேட்டவுடன் சிரிப்புதான் வரும். அந்த ஆய்வுக்கு 2025-இல் இக் நோபல் பரிசு கிடைத்ததும் அதனால்தான். முதலில் சிரிக்கவைத்து அப்புறம் யோசிக்கவைக்கும் ஆராய்ச்சிகளுக்கென்றே ஆண்டுதோறும் தரப்படும் பரிசு அது. ஆய்வை நடத்திய தொமோகி கோஜிமா வரிவரியான உடையோடு மேடையேறினார். கூட வந்தவர்கள் அட்டையால் செய்த ஈக்களைப் பிடித்துக்கொண்டு அவரை மொய்த்தெடுத்தார்கள். நம் பக்கத்துக்கும் இந்தப் பரிசு வந்திருக்கிறது. யானையின் உடற்பரப்பைக் கணக்கிட வழி சொன்ன கேரள வேளாண் பல்கலைக்கழகத்தார் இருவருக்கு 2002-இல் கிடைத்தது.

மாடு வளர்ப்பவர்களுக்கு ஈ வேடிக்கை இல்லை. கடி ஈ அதிகமானால் மாடு மேயாது, படுக்காது, ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பால் குறையும், எடை குறையும். அமெரிக்காவில் தொழுவ ஈ என்ற ஒரே ஒரு வகையால் மட்டும் ஆண்டுக்கு 220 கோடி டாலர் நட்டம் என்று ஒரு கணக்கு உண்டு. பூச்சிமருந்து அடித்தால் கொஞ்ச காலம் சாகும்; பிறகு அந்த மருந்துக்கும் பழகிவிடும்.

ஐச்சி மாநில வேளாண் ஆய்வு மையத்தில் கோஜிமா குழுவினர் எடுத்துக்கொண்டவை ஆறு சினை மாடுகள். உடம்பில் டேப் ஒட்டி, நீர் கலந்த வெள்ளை வர்ணத்தைத் தெளித்துக் கோடு போட்டார்கள். ஒரு மாட்டுக்கு ஐந்து நிமிட வேலை. அப்புறம் மேலே உட்கார்ந்த ஈக்களை எண்ணினார்கள். தலையை உதறுவது, காதை அடிப்பது, காலைத் தட்டுவது, தோலைச் சிலுப்புவது, வாலை வீசுவது என்று மாடு ஈயை விரட்டும் ஒவ்வொரு அசைவையும் எண்ணினார்கள். அரை மணி நேரத்தில் வெறும் மாட்டின் மேல் சுமார் 128 ஈக்கள் என்றால், வெள்ளைக் கோடு போட்ட மாட்டின் மேல் சுமார் 55. ஈ விரட்டும் அசைவுகளும் 54-இலிருந்து 40-ஆக இறங்கின.

எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றும் பெரியவரிடம் இதைச் சொன்னேன். நாலு மாடு வைத்திருக்கிறார். மாலையானால் தொழுவத்தில் வேப்பிலை மூட்டம் போடுபவர். அவர் சிரிக்கவில்லை. கேனை இறக்கி வைத்துவிட்டு, “கோட்டுக்கா ஈ போச்சு? பெயிண்டு நாத்தத்துக்குப் போயிருக்கும் தம்பி,” என்றார்.

இந்த ஆய்வில் எனக்குப் பிடித்த இடமே அதுதான். பெரியவர் கேட்கப்போவதை அவர்கள் முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். அதே ஆறு மாடுகளுக்கு வேறொரு முறை கறுப்பு வர்ணத்தால் கோடு போட்டார்கள். கறுப்பு மாட்டின் மேல் கறுப்புக் கோடு! தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வர்ணத்தின் வாடை உண்டு, பிசுபிசுப்பு உண்டு, பூசும்போது மாடு பட்ட தொந்தரவும் உண்டு. வெள்ளைக் கோடு மட்டும்தான் இல்லை. அந்த மாட்டின் மேல் சுமார் 111 ஈக்கள். விரட்டும் அசைவுகள் 53. வர்ணம் பூசாத மாட்டுக்கும் அதற்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஆக, வேலை செய்தது வாடை அல்ல, வரிதான். பத்திரிகைகளில் வந்த படமெல்லாம் வெள்ளை வரி போட்ட மாடுதான். என் பரிசு கறுப்பு வரி போட்ட மாட்டுக்கு.

இந்த மாட்டு ஆய்வு வெளியான அதே 2019-இல், இங்கிலாந்தில் டிம் காரோ என்பவர் குதிரைகளுக்குக் கறுப்பு, வெள்ளை, வரி என்று மூன்று விதமாகச் சட்டை போட்டுப் பார்த்தார். வரிச்சட்டையில் மிகக் குறைவான ஈக்களே இறங்கின. அதே நேரத்தில், சட்டை மூடாத தலையில் எல்லாக் குதிரைகளிலும் ஒரே மாதிரி ஈ உட்கார்ந்தது. அங்கே ஒரு கறுப்பு வரி மாடு. இங்கே ஒரு மூடாத தலை. வரிக்குதிரைகளையும் படம்பிடித்துப் பார்த்தார்கள். ஈ கிட்டே வரத்தான் செய்கிறது. இறங்குவதற்கு முன் வேகத்தைக் குறைக்கத் தெரியாமல் முட்டிக்கொள்கிறது, அல்லது தாண்டிப் போய்விடுகிறது. வரி அதன் கண்ணை என்ன செய்கிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. வரிக்குதிரைக்கு வரி எதற்கு என்று டார்வினும் அவர் காலத்து இயற்கையியலாளர் வாலஸும் அன்றே முரண்பட்டிருக்கிறார்கள். உயரமான புல்லில் மறைய உதவும் என்பது வாலஸின் கட்சி. அது திரியும் வெட்டவெளியில் அவ்வளவு புல் ஏது என்று டார்வின் கேட்டார். ஈயைக் கேட்கலாம் என்று அப்போது அவர்களுக்குத் தோன்றவில்லை.

பெரியவருக்குக் கறுப்பு வர்ணத்தின் கதையைச் சொன்னேன். “அது சரி,” என்று ஒத்துக்கொண்டவர் அடுத்ததைக் கேட்டார்: “மாடு நக்கிப்புடாதா? மழை பெஞ்சா?” நியாயம்தான். அந்த வர்ணம் சில நாட்களில் போய்விடும், நீடித்து நிற்க வேறு வழி வேண்டும் என்று ஆய்வுக் கட்டுரையே ஒத்துக்கொள்கிறது. ஆறு மாடு என்பதும் சின்னக் கணக்குதான். இதை நம்பி நாளைக்கே யாரும் தூரிகையைத் தூக்க வேண்டியதில்லை.

ஆனால் நம் ஊரில் கறுப்புக்குப் பஞ்சமில்லை, எருமைகள் இருக்கின்றன. தண்ணீரைக் கண்டால் இறங்கிவிடும் என்பதால் வர்ணம் நிற்பது சந்தேகம்தான். இருந்தாலும் மாட்டுக்கு ஐந்து நிமிடமும், ஈயை எண்ணப் பொறுமையும்தான் செலவு. கால்நடை மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் யாராவது ஒரு கோடை விடுமுறையில் செய்து பாருங்கள். கறுப்பு வர்ணம் அடித்த எருமையையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எங்கள் பால்காரர் நம்பமாட்டார்.