கறைக்கும் காரணம் வேண்டும்

விண்கல மாதிரிக்கு வண்ணம் தீட்டும் கலையைப் பற்றி எழுத வந்தவனுக்குக் கொல்லிமலையின் ஆலத்தூர் நாட்டில் என்ன வேலை என்று கேட்பது நியாயமே. இங்கே விண்கலம் செய்பவர் எவரையும் தேடி நான் வரவில்லை. அந்தக் கலையின் கடினமான பாதி, வண்ணம் காய்ந்த பிறகுதான் தொடங்குகிறது. புத்தம் புதிதாக அடித்த கலத்தைப் பல ஆண்டு உழைத்துக் களைத்ததாகப் பழசாக்க வேண்டும். மாதிரி செய்பவர்கள் இதை வெதரிங் என்பார்கள். சினிமாக் கலைத்துறையில் ஏஜிங் என்பார்கள். பெயர் எதுவானாலும் அதற்கான பாடம், வெயிலும் மழையும் மூடுபனியும் செம்மண்ணும் இரும்பின்மேல் ஓயாமல் வேலை செய்யும் இடத்தில்தான் கிடைக்கும். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிவரும் வண்டிகளும், மலையூர்களின் தகரக் கூரைகளும் அந்தப் பாடத்தைத் திறந்தே வைத்திருக்கின்றன. திரையில் கண்ட கலத்துக்கு ஒத்திருப்பது என்றால் அதன் நிறத்தை எடுத்துவைப்பதோடு முடிந்துவிடாது, அதன் ஒவ்வொரு கறைக்கும் காரணம் சொல்ல முடிய வேண்டும் என்பதே என் வாதம்.

தகரக் கூரையைக் கிட்டே நின்று பார்த்தால் முதல் சான்று கிடைக்கிறது. துரு தகட்டின் நடுவில் தொடங்குவதில்லை. ஆணி அடித்த துளை, வெட்டிய விளிம்பு, ஒரு தகட்டின்மேல் மற்றொன்று ஏறும் இடம் என்று துத்தநாகப் பூச்சு அறுந்த இடங்களில்தான் தொடங்குகிறது. ஆணியிலிருந்து இறங்கும் துருக்கோடு தகட்டின் பள்ளத்தைப் பிடித்தே ஓடி, மேலே அடர்ந்து, போகப்போக வெளிறி மறைகிறது. அடுப்புப் புகை வெளியேறும் பக்கம் மட்டும் கருத்திருக்கிறது. சரக்கேற்றும் பிக்கப் வண்டியிலும் இதே ஒழுங்கைக் காணலாம். பின்சக்கரத்தை ஒட்டிச் செம்மண் அப்பியிருக்கும். கண்ணாடியில் வைப்பர் துடைத்த வளைவு மட்டும் தெளிவாக இருக்கும். பலாவும் அன்னாசியும் ஏற்றி இறக்கும் பின்கதவின் மேல்விளிம்பில் வண்ணம் போய், பிரைமர் தெரிந்து, அதுவும் தேய்ந்த இடத்தில் வெறும் இரும்பு மினுங்கும். டிங்கரிங் பட்டறையில் பட்டி பார்த்து வண்ணம் அடிப்பவர்களுக்கு இது பாலபாடம். தண்ணீர் தங்கும் மடிப்பு எது, கல் தெறிக்கும் இடம் எது என்று அறிந்துதான் அவர்கள் உப்புத்தாள் தேய்க்கத் தொடங்குகிறார்கள். அவர்கள் நீக்குகிற வரிசையையே விண்கல மாதிரி செய்பவர் சேர்க்கிற வரிசையாகப் பயன்படுத்துகிறார். இருவருக்கும் வேண்டிய அறிவு ஒன்றே.

மேசையில் அந்த அறிவு படிப்படியாக இறங்குகிறது. பிரைமருக்கு மேல் ஏர்பிரஷ் கொண்டு அடிப்படை நிறம் அடித்து, சில தகடுகளை மட்டும் மறைத்து அரைமாத்திரை கூட்டியோ குறைத்தோ அடிப்பார்கள். வெவ்வேறு காலத்தில் மாற்றப்பட்ட தகடுகள் என்று அது சொல்லும். கரும்பழுப்பு எண்ணெய் வண்ணத்தைத் தின்னரில் நீர்க்கக் கரைத்து இடுக்குகளில் ஓடவிட்டு, மிச்சத்தை அழுக்கு வழிந்திருக்க வேண்டிய திசையிலேயே துடைப்பார்கள். வண்ணம் உரிந்ததைக் காட்ட, உலோக நிறத்தின்மேல் ஹேர் ஸ்பிரே அடித்து, அதன்மேல் நீரில் கரையும் மேல்வண்ணம் பூசி, காய்ந்ததும் ஈரத் தூரிகையால் தட்டுவார்கள். அடியிலிருக்கும் பூச்சு இளகி மேல்வண்ணம் செதிலாகப் பெயரும். பின்கதவில் கண்ட தேய்மானத்துக்கு விளிம்புகளில் பென்சில் கரியைத் தேய்த்தால் போதும். இத்தனையிலும் முதலில் தவறுவது அளவு. 1/72 அளவு மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் கீறல், நிஜக் கலத்தில் ஏழு சென்டிமீட்டருக்கும் அதிகமான காயம். கைக்கு எளிதாக வரும் கீறல் பெரும்பாலும் காரணமே இல்லாத கீறலாகிவிடுகிறது.

முதல் மறுப்பு இந்தக் கலையில் ஊறியவர்களிடமிருந்தே வரும். திரையில் உள்ள கறையை உள்ளபடி எடுத்துவைத்தால் போதும், காரணத்தை ஏன் ஆராய வேண்டும் என்பார்கள். திரையில் உள்ளது எது என்பதே தீராத வழக்கு என்பதற்கு ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் எண்டர்பிரைஸ் சாட்சி. 1964-ல் செய்யப்பட்ட அந்த 11 அடி மாதிரியின் இடப்பக்கத்தில் மின்கம்பிகள் நுழைந்ததால், வலப்பக்கமே படமாக்கப்பட்டது. 1974-ல் அது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது. 1991-ல் நடந்த சீரமைப்பில் தகட்டுக் கோடுகள் அழுத்தமாகத் தீட்டப்பட்டபோது, இது நாங்கள் பார்த்த கலமல்ல என்று ரசிகர்கள் பலர் குறைப்பட்டார்கள். 2016-ல் முடிந்த சீரமைப்புக்கு, கலத்தின் வட்டத் தட்டின் மேற்புறத்தில் தப்பிப் பிழைத்திருந்த 1960-களின் அசல் வண்ணமே ஆதாரமானது. அதிலிருந்த கோடுகள் மெல்லிய பென்சில் கோடுகள். அன்றைய தொலைக்காட்சியில் அவை தெரிந்திருக்க வழியே இல்லை. சாம்பல் நிறக் கலம் விளக்கையும், பின்னணியை நீக்கப் பயன்படும் நீலத்திரையையும், பிலிம் பிரதியையும் கடந்து வீட்டுக்கு வந்தபோது வேறு நிறமாகிவிட்டது. 1977-ல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் கிளர்ச்சிப்படையின் நீல அணி சிவப்பு அணியாக மாறியதும், நீலப் பட்டைகள் நீலத்திரையில் கரைந்துபோகும் என்பதால்தான். ஆகவே கேமராவும் ஒரு காரணம். மழை எங்கே விழுந்தது என்று கேட்பதைப் போலவே, விளக்கு எங்கிருந்து விழுந்தது என்றும் கேட்டாக வேண்டும். அதைக் கேட்காமல் ஒரு நிறுத்திய காட்சியைப் பார்த்து நிறம் கலப்பவர், ஒளியின் நிறத்தைக் கலத்தின் நிறமென்று பூசிவிடுகிறார்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. விண்வெளியில் மழை இல்லை, காற்று இல்லை, துருப்பிடிக்க ஈரமும் இல்லை. அப்படியிருக்க கொல்லிமலைத் தகரம் விண்கலத்துக்கு எப்படிப் பாடமாகும்? தகரத்தின் துரு பாடமாகாது. ஆனால் துரு எங்கே தொடங்குகிறது, எந்தத் திசையில் போகிறது என்று கேட்கும் பழக்கம் பாடமாகும். 39 முறை விண்வெளி சென்று திரும்பிய டிஸ்கவரி விண்ணோடம் 2012 முதல் ஸ்மித்சோனியனில் இருக்கிறது. அதைப் புதிதாக்காமல், பறந்து முடித்த கோலத்திலேயே வைத்திருக்கிறார்கள். புதிதாக மாற்றிய ஓடுகள் அடர்கறுப்பாகவும், பலமுறை வெப்பம் கண்டவை வெளிறியும் இருக்கின்றன. வெப்பக் கோடுகள் காற்று பாய்ந்த திசையையே காட்டுகின்றன. இதற்கு மாறாக, 1968-ல் வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ படத்தின் டிஸ்கவரி எந்தக் கோளிலும் இறங்காத கலம். 54 அடி நீளத்தில் செய்த அதன் மாதிரி வெள்ளையாக, மாசின்றி இருந்தது முற்றிலும் சரி. இறங்குகிற கலமென்றால் எந்த மண்ணில் இறங்கியது என்பது முக்கியம். ஆலத்தூர் நாட்டின் செம்மண்ணும், இதே நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியின் வெளிர் அனார்த்தசைட் பாறையும் ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு உலகங்கள். சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறையை அரைத்துத்தான் இஸ்ரோ நிலவு மண்ணுக்கு மாற்று தயாரித்து, சந்திரயான்-2 திட்டத்தின் சோதனைகளுக்குப் பயன்படுத்தியது. நிலவில் இறங்கிய கலத்தின் கால்களில் பழுப்புப் பொடி தூவினால், கதை பொய்யாகிவிடும். நிலவின் புழுதி எவ்வளவு பொல்லாதது என்பதற்கு 1972-ன் அப்பல்லோ 17 பயணம் சான்று: ஊர்தியின் சக்கரக்காப்பு உடைந்து புழுதி வாரி இறைத்ததால், விண்வெளி வீரர்கள் வரைபடத் தாள்களை ஒட்டுநாடாவால் இணைத்து மாற்றுக் காப்பு செய்துகொண்டார்கள்.

கணினி வந்த பிறகு இந்தக் கைவேலைக்கு என்ன மதிப்பு என்பது மூன்றாவது மறுப்பு. கணினி இடுக்குகளில் அழுக்கையும் விளிம்புகளில் தேய்மானத்தையும் ஒரே சொடுக்கில் பூசிவிடும் என்பது உண்மை. ஆனால் எந்த விளிம்பில் ஏணி சாத்தப்பட்டது, எந்தக் கதவு அடிக்கடி திறக்கப்பட்டது என்று அதற்குத் தெரியாது. சொல்லித்தர ஆள் வேண்டும். 2019-ல் தொடங்கிய ‘தி மண்டலோரியன்’ தொடருக்கு ரேசர் கிரெஸ்ட் கலத்தைக் கணினியில் மட்டுமன்றி மாதிரியாகவும் செய்தார்கள். அதைச் செய்த ஜான் குட்சன், எண்டர்பிரைஸுக்கு மறுவண்ணம் தீட்டிய குழுவிலும் இருந்தவர். நமக்கும் இந்த மரபு புதிதல்ல. 1957-ல் வந்த ‘மாயாபஜார்’ படத்துக்கு, சென்னை வாகினி ஸ்டுடியோவில் ஏறத்தாழ 300 சிறு வீடுகளாகத் துவாரகை எழுந்தது. கோகலே, கலாதர் ஆகியோரின் கலை இயக்கத்துக்கு மார்கஸ் பார்ட்லியின் கேமரா ஒளி கொடுத்தது. 1963-லேயே ‘கலை அரசி’ பறக்கும் தட்டைத் தமிழ்த் திரைக்குக் கொண்டுவந்துவிட்டது.

நம்மிடம் கைகள் உண்டு, பட்டறைகள் உண்டு, கண்ணெதிரே பாடமும் உண்டு. இந்த அறிவைக் கைத்தொழில் என்று தள்ளிவைக்காமல், கூர்ந்து நோக்கும் கல்வியாக மதிக்கத்தான் இன்னும் பழகவில்லை. கலை இயக்கம் படிக்கும் மாணவர்களை ஒரு பருவமாவது டிங்கரிங் பட்டறைகளுக்கும் மலையூர்களுக்கும் அனுப்ப வேண்டும். பட்டறைக்காரர்களை அங்கே ஆசிரியர்களாக அமர்த்தி, அதற்குரிய ஊதியமும் தர வேண்டும். மாதிரி செய்பவர், தான் வைக்கும் ஒவ்வொரு கறைக்கும் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிவைக்கட்டும்: எங்கிருந்து வந்தது, எந்தத் திசையில் போனது, கேமரா அதைப் பார்த்ததா? விடை இல்லாத கறை எவ்வளவு அழகாக அமைந்தாலும், அதைத் துடைத்துவிடுவதுதான் திரைக்குச் செய்யும் நேர்மை.