ஜொகூரில் ஒரு ரஞ்சி ரசிகன்

தோற்றுத் தோற்றுப் பழகிய அணியின் ரசிகனுக்கு, எப்போதும் ஜெயிக்கிற அணியின் ரசிகனைக் கண்டாலே ஆகாது. நான் தமிழ்நாடு ரஞ்சி கிரிக்கெட் அணியின் ரசிகன். ஜொகூர் பாருவில் ஜாலான் உங்கு புவான் பக்கத்து ஒட்டுக்கடை ஒன்றில் என் எதிரே வந்து உட்கார்ந்தவர் ஜே.டி.டி. ரசிகர். நீலமும் சிவப்புமான பனியன், அதை முட்டிக்கொண்டு நிற்கும் தொப்பை, அறுபதைத் தாண்டிய வயது.

“ஊர்லேர்ந்தா வர்றீங்க தம்பி? பசியாறியாச்சா?” என்றவர், பதிலுக்குக் காத்திராமல் எனக்கும் ஒரு தே தாரிக், அதாவது அவர்கள் ஊர் டீ, சொன்னார்.

ஜொகூர் டாருல் தக்சிம், சுருக்கமாக ஜே.டி.டி., இந்த மாநிலத்தின் காற்பந்து அணி. மலேசிய சூப்பர் லீக் பட்டத்தை 2014 முதல் 2024-25 வரை 11 பருவம் தொடர்ச்சியாக அவர்களே வென்றிருக்கிறார்கள். இது தெரிந்துதான் சீண்டினேன். “வருஷா வருஷம் நீங்கதானே ஜெயிக்கிறீங்க? இனிமே என்னண்ணே எதிர்பார்ப்பு?”

கிண்ணத்தை ‘டக்’கென்று கீழே வைத்தார். கடைப்பையன் திரும்பிப் பார்த்தான்.

“எங்க கதை உங்களுக்கு என்ன தெரியும்? எண்பத்தஞ்சுல மலேசியக் கிண்ணம் எடுத்தோம். தொண்ணூத்தி ஒண்ணுல லீக், கிண்ணம் ரெண்டும் எடுத்தோம். அப்புறம் எத்தனை வருஷம் லார்க்கின் அரங்கத்துல வெயில்லயும் மழையிலயும் சும்மா உக்காந்துட்டு வந்திருக்கேன்!”

லார்க்கின் பெயரைக் கேட்டதும் எனக்கும் சுவாரசியம் பிறந்தது. 1997 நவம்பர் 16 அன்று ஈரானை 3-2 என்று வீழ்த்தி ஜப்பான் முதன்முதலாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது அந்த அரங்கத்தில்தான். கூடுதல் நேரமும் முடியப் போகிற வேளையில் ஜப்பானின் ஒக்கானோ அடித்த கோல்தான் வெற்றியைத் தந்தது. அதைச் சொன்னேன். “ஆமா லா. எங்க வீட்டுத் திடல்ல எவனோ வந்து கல்யாணம் முடிச்சிட்டுப் போனான். நாங்க பந்தல் போட்டோம்” என்றார். கோபம் சற்றுத் தணிந்திருந்தது.

2013இல் இளவரசர் துங்கு இஸ்மாயில் ஜே.டி.டி.யை உருவாக்கிய பிறகு பணம் வந்தது, பயிற்சி வசதிகள் வந்தன. 2015இல் ஏ.எஃப்.சி. கோப்பையும் வந்தது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அதை வென்ற முதல் கழகம் ஜே.டி.டி.தான். 2020இல் இஸ்கந்தர் புத்ரியில் 40,000 பேர் அமரும் சுல்தான் இப்ராகிம் அரங்கம் திறந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வாழை இலை வடிவம். வேறெங்கும் இப்படியோர் அரங்கத்தை நான் பார்த்ததில்லை. இலையைக் கண்டதும் தமிழன் வயிறு சும்மா இருக்குமா? பசியோடுதான் அங்கிருந்து திரும்பினேன்.

“உங்க ஊரு டீம் எப்படி?” என்றார். எனக்கு வேண்டாத கேள்வி. 1987-88இல் வாசுதேவன் தலைமையில் ரயில்வேயை வென்று ரஞ்சிக் கோப்பையைத் தூக்கியதோடு சரி. 2012இல் சேப்பாக்கத்திலேயே ராஜஸ்தானிடம் இறுதியாட்டத்தைக் கோட்டைவிட்டோம். 2015இல் மும்பையில் கர்நாடகத்தின் கருண் நாயர் 328 அடித்து நம்மை வெயிலில் காய வைத்தார். இருபது ஓவர் கோப்பை வருகிறது, ஐம்பது ஓவர் கோப்பை வருகிறது, ரஞ்சி மட்டும் வருவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு அக்டோபரிலும் ‘இந்த வருஷம் விடமாட்டோம்’ என்று எங்களில் சிலர் சொல்லிக்கொள்வோம். கேட்பதற்குத்தான் ஆளில்லை.

அவர் சிரிக்கவில்லை. “உங்க டீம்ல ஆடறதெல்லாம் யாரு? நம்ம பசங்களா?”

“பெரும்பாலும் நம்ம பசங்கதான். நடராஜன்னு ஒருத்தர், சேலம் பக்கம் சின்னப்பம்பட்டி. அந்தக் கிராமத்துலேர்ந்து வந்துதான் இந்தியாவுக்கே பந்து வீசினார்.”

“அப்புறம் என்னய்யா குறை உனக்கு?”

மரியாதை சட்டென்று ஒருமைக்கு இறங்கிவிட்டது. பிறகு தன் கதையைச் சொன்னார். அவர் பிறந்தது கூலாய் பக்கத்துப் பால்மரத் தோட்டத்தில். அங்கே கோயில் இருந்தது, கள்ளுக்கடை இருந்தது, பந்து விளையாடத் திடலும் இருந்தது. அப்படிப்பட்ட திடல்களில் உருண்ட காலத்தின் ஆட்டக்காரர்களை வரிசையாக அடுக்கினார்: 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய எம். சந்திரன், கோல் காத்த ‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகம், 2010இல் பயிற்றுநராக மலேசியாவுக்கு சுசுகிக் கோப்பை வாங்கித் தந்த ராஜகோபால். ஜே.டி.டி. பனியனில் குணாளன் வலப்பக்கம் ஓடிய நாள்களைச் சொல்லும்போது எழுந்து நின்றே காட்டினார். பிறகு தோட்டங்கள் செம்பனையாயின, வீடமைப்புத் திட்டங்களாயின. சனங்கள் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். திடல் கூடவே போகவில்லை. இப்போது ஜே.டி.டி.யில் ஸ்பெயின்காரர்களும் பிரேசில்காரர்களும் ஆடுகிறார்கள்.

“பட்டம் இந்த வருஷமும் வரும். அதுக்கு நான் சாமி கும்பிட வேண்டியதில்லை. பதினொருத்தர்ல ஒருத்தன் பேராவது நம்ம பேரா வரணும். அதுதான் தம்பி என் எதிர்பார்ப்பு.”

வெற்றி அலுத்துப்போன, செல்லம் கொடுத்துக் கெட்ட ரசிகரைத் தேடிப் பிடித்து வம்பிழுத்ததாக எண்ணியிருந்தேன். 11 பட்டம் கண்டவர், 1988க்குப் பிறகு ரஞ்சிப் பட்டம் ஒன்றும் காணாத என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டார். தே தாரிக்குக்குக் காசு கொடுக்கவும் விடவில்லை. ஊர்லேர்ந்து வந்தவர்களைச் செலவழிக்க விடமாட்டாராம்.

கோப்பையைப் பணத்தால் வரவழைத்துவிடலாம் என்பதை ஜொகூர் காட்டிவிட்டது. ஆடுகிறவன் நம் தெருப்பையன் என்ற பெருமை அப்படி வராது. அதைத் தமிழ்நாட்டு ரஞ்சி அணி தோற்றுக்கொண்டே நமக்குத் தந்து வருகிறது, நாம்தான் காலி இருக்கைகளைப் பதிலாகத் தருகிறோம். அக்டோபரில் அடுத்த பருவம் தொடங்கும். சேப்பாக்கத்திலோ கோவையிலோ ஆட்டம் நடந்தால் ஒரு நாளாவது போய் உட்காருங்கள். இடம் தாராளமாகக் கிடைக்கும்.