வாகனத்தின் சான்றுச் சீட்டு எங்கே?

காஞ்சிபுரம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் உற்பத்தி செய்துவரும் ஹூண்டாய் ஆலையின் வண்டிகள் பல நாடுகளுக்குக் கப்பலேறுவதால், பட்டுச் சேலையின் சில்க் மார்க் முத்திரையைப் போலவே வாகனச் சீட்டும் இம்மண்ணுக்குரிய பேசுபொருளாகிவிட்டது. எழுத்தும் எண்ணுமாக 17 குறிகள் கொண்ட வாகன அடையாள எண் 'எம்ஏஎல்' எனத் தொடங்கினால் வண்டி ஹூண்டாயின் இந்தியத் தயாரிப்பு என்பது தெளிவாகுமேயன்றி, பலர் கருதுவதுபோல அவ்வெண் பாதுகாப்புச் சான்றாகாது. சில்க் மார்க்கும் பட்டின் தூய்மைக்கே சான்று, சரிகைக்கு அன்று. அமெரிக்காவிலோ, அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளுக்கு வண்டி இணங்குவதாகத் தயாரிப்பாளரே தரும் உறுதிமொழி, பெரும்பாலும் ஓட்டுநர் கதவின் விளிம்பிலோ அதையொட்டிய தூணிலோ தனிச் சீட்டாக ஒட்டப்படுகிறது. படுக்கையும் சமையலிடமும் கொண்ட வீட்டு வண்டியில் சேசிஸ் எனப்படும் அடிச்சட்டத்தைச் செய்தவரும் மேற்கூடு கட்டியவரும் பெரும்பாலும் வெவ்வேறு நிறுவனத்தாராதலால், எல்லை கடந்து விற்பவர் மேற்கூடு கட்டி முடித்தவரின் சீட்டையும் தேடியாகவேண்டும்.