மணிக்கூட்டுக்கு முதல் கையை அளப்போம்

கொஞ்சம் நீளமான பதிவு. மணிக்கூடு வாங்க இருப்பவர்கள் வாசிக்கலாம். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளுக்கு மணிக்கூடு அனுப்ப நினைத்திருக்கும் வாப்பாமார் கட்டாயம் வாசிக்கவும்.

போன் வந்த பிறகு மணிக்கூடு எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். பரீட்சை மண்டபத்துக்குள் போன் கொண்டுபோக முடியாது. ஸ்மார்ட் வாட்சும் கட்ட முடியாது. மூன்று மணித்தியால வினாத்தாளில் எந்த வினாவுக்கு எவ்வளவு நேரம் என்று பிள்ளை பார்க்க வேண்டுமானால், கையில் ஒரு சாதாரண மணிக்கூடு இருக்க வேண்டும். தரம் 10, 11 பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லும் விடயம் இது. அதனால்தானோ என்னவோ, மணிக்கூடு வாங்கும்போது என்னிடம் யோசனை கேட்பவர்கள் அதிகம். எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "எந்த பிராண்ட் நல்லம் சேர்?"

கை எவ்வளவு என்று ஒருவரும் சொல்வதில்லை.

சப்பாத்து வாங்கும்போது 7ஆ 8ஆ என்று கேட்கிறோம். சேர்ட்டுக்குக் கழுத்தளவு பார்க்கிறோம். தொப்பிக்குக் கூடத் தலை அளவு இருக்கிறது. மணிக்கூடு என்று வந்தால் மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் எது பளபளக்கிறதோ அதைக் காட்டி "அதை எடுங்க" என்கிறோம்.

எங்கட பக்கத்தில் கலியாணத்தில் மாப்பிள்ளைக்கு மணிக்கூடு கொடுப்பார்கள். பெண் வீட்டார் கஷ்டப்பட்டு, சில நேரம் கடன்பட்டும் வாங்குகிறார்கள். பெட்டியைத் திறந்தால் நாலு பேர் பார்ப்பார்கள் என்பதால் பெரிதாக வாங்குகிறார்கள். மாப்பிள்ளை ஒல்லியான ஆள் என்றால், வலீமாவன்று கட்டுவார், அடுத்த ஒரு வாரம் கட்டுவார், பிறகு அலுமாரிக்குள் வைத்துவிடுவார். ஒரு ஆசிரியரின் மாதச் சம்பளத்தை விட விலை கூடிய மணிக்கூடுகள் இப்படி எத்தனை வீட்டு அலுமாரிகளில் பற்றரி செத்துக் கிடக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள்.

பெரிய மணிக்கூடுதான் ஆம்பிளை மணிக்கூடு என்ற எண்ணம் பழையது அல்ல. எங்கட வாப்பாமார் சவூதியிலிருந்து கொண்டுவந்த சீக்கோ 5 ஞாபகம் இருக்கும். கிழமையை ஆங்கிலத்திலும் அரபியிலும் மாற்றிக் காட்டும். அந்தப் பழைய சீக்கோ 5 மணிக்கூடுகளில் பல 36, 37 மில்லிமீற்றர் அகலம்தான். தோட்டம் கொத்தி, வள்ளம் இழுத்து உரமேறிய கைகளில்தான் அவை இருந்தன. ஒருவரும் அதைச் சின்னது என்று சொல்லவில்லை. ரோலெக்ஸ் எக்ஸ்புளோரர் 1953இல் வந்தபோது 36 மி.மீ. தான். 2010இல் அதை 39 ஆக்கினார்கள். 2021இல் மறுபடி 36க்கே கொண்டுவந்தார்கள். ஃபேஷன் போய்வரும். நம்மட கை எலும்பு அதற்கேற்ப மாறாது.

பெரிய மணிக்கூடுகள் முன்பும் இருந்தன, ஆனால் அதற்குக் காரணம் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானப் படையினர் 55 மி.மீ. மணிக்கூடு கட்டினார்கள், அதுவும் தடித்த ஜக்கெட்டுக்கு மேலால். இத்தாலியக் கடற்படைச் சுழியோடிகள் 47 மி.மீ. மணிக்கூடு கட்டினார்கள், இருட்டுத் தண்ணீருக்குள் நேரம் தெரிய வேண்டும் என்பதற்காக. நாங்கள் காலையில் பாடசாலைக்கும் பின்னேரம் கடைக்கும் போய்வருகிறவர்கள்.

சரி, எப்படி அளப்பது? நூல் ஒன்றும் அடிமட்டம் ஒன்றும் போதும்.

1. மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமாக ஒரு எலும்பு துருத்திக்கொண்டு இருக்கும். அதற்குச் சற்று மேலே, முழங்கைப் பக்கமாக, நூலைச் சுற்றுங்கள். இறுக்க வேண்டாம். நூலை அடிமட்டத்தில் வைத்துப் பாருங்கள். இதுதான் சுற்றளவு.

2. கையை மேசையில் கவிழ்த்து வையுங்கள். அதே இடத்தில் அடிமட்டத்தைக் குறுக்காக வைத்து, மேலிருந்து பார்த்து, கையின் அகலத்தை அளவுங்கள். மணிக்கூடு உட்காரப் போகும் இடம் இவ்வளவுதான். சுற்றளவை விட இது முக்கியம். ஏனென்றால் மணிக்கட்டு வட்டம் அல்ல. ஒரே சுற்றளவுள்ள இரண்டு பேரில் ஒருவரின் கை தட்டையாக இருக்கும், மற்றவரின் கை உருண்டையாக இருக்கும். தட்டையான கையில் நன்றாக உட்காரும் மணிக்கூடு உருண்டைக் கையில் ஆடும்.

3. மணிக்கூட்டின் நீளத்தைப் பாருங்கள். விளம்பரத்தில் 40 மி.மீ., 42 மி.மீ. என்று போடுவது கேஸின் விட்டம். வார் கொழுவுவதற்காக மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் நான்கு கொம்புகள் அதில் சேராது. மேல் கொம்பு நுனியிலிருந்து கீழ்க் கொம்பு நுனி வரை உள்ள நீளத்தை "லக் டு லக்" என்பார்கள். இந்த நீளம் உங்கள் கை அகலத்தை விடக் குறைவாக இருக்க வேண்டும். கொம்பு கைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றால், அது எந்த நாட்டு மணிக்கூடாக இருந்தாலும் உங்களுக்கு உரியது அல்ல.

விட்டத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் இரண்டு பக்கமும் பிழைக்கும். உதாரணமாக, 2019இல் வந்த புதிய சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் 42.5 மி.மீ. விட்டம். கேட்டால் பெரிது போலத் தெரியும். ஆனால் கொம்புகள் குட்டை. மொத்த நீளம் ஏறத்தாழ 46 மி.மீ. தான். அதனால் நடுத்தரக் கைகளுக்கும் பொருந்தும். விட்டம் 40 மட்டுமே உள்ள சில மணிக்கூடுகள், நீண்ட கொம்புகளால் அதை விடக் கூடுதல் இடம் பிடிக்கும்.

பொதுவாக, சுற்றளவு 15.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கைக்கு 34 முதல் 37 மி.மீ. வரை அழகு. 16 முதல் 17.5 வரை உள்ள கைக்கு 36 முதல் 40. 18க்கு மேல் என்றால் 40 முதல் 44 வரை தாராளமாகக் கட்டலாம். இது சட்டம் அல்ல, ஒரு வழிகாட்டல். வெள்ளை முகப்பு கொஞ்சம் பெரிதாகத் தெரியும், கறுப்பு சிறிதாகத் தெரியும். சதுர மணிக்கூடு அதே அளவு வட்ட மணிக்கூட்டை விடப் பெரிதாகத் தெரியும். தடிப்பையும் பாருங்கள். 14, 15 மி.மீ. தடிப்பு என்றால் நீளக் கை சேர்ட்டின் கஃப் அதற்கு மேலால் இறங்காது. போனைக் கிட்டப் பிடித்துக் கையைப் படமெடுத்தால் எந்த மணிக்கூடும் பூதம் போலத் தெரியும். அதைப் பார்த்து முடிவெடுக்காமல் ஆளுயரக் கண்ணாடி முன்னால் நின்று பாருங்கள். மற்றவர்கள் பார்ப்பது அந்தத் தூரத்திலிருந்துதான்.

கெசியோ எஃப்-91டபிள்யூ தெரியும்தானே? 1989இல் வந்த கறுப்பு டிஜிற்றல் மணிக்கூடு. அகலம் 35.2 மி.மீ., எடை 21 கிராம். சின்னக் கைக்கு அதை விடச் சுகமான மணிக்கூடு இந்த விலைக்குக் கிடைப்பது கஷ்டம். பிள்ளைகள் கேட்பது ஜி-ஷொக். இப்போது அதிகம் ஓடும் ஜிஏ-2100 மாதிரி 45.4 மி.மீ. அகலம், 48.5 மி.மீ. நீளம். நல்ல மணிக்கூடுதான். எடையும் குறைவு. ஆனால் 14 வயதுப் பிள்ளையின் கைக்கு அல்ல.

அளவு சரியாக இருந்தாலும் வாரை எவ்வளவு இறுக்குவது என்று ஒன்று இருக்கிறது. எங்கட கரையோரச் சூட்டில் பின்னேரம் கை கொஞ்சம் ஊதும். காலையில் இறுக்கிக் கட்டினால் இரண்டு மணிக்குத் தடம் விழும். வாருக்கும் கைக்கும் இடையில் சுண்டுவிரல் போக வேண்டும். அடுத்தது வுழூ. மணிக்கூட்டுக்குக் கீழும் தண்ணீர் பட வேண்டும் என்பதால், கழற்றுவதற்கு இலகுவானதாக, அல்லது நகர்த்தக் கூடிய அளவுக்குத் தளர்வாக இருப்பது நல்லது. தோல் வார் வியர்வைக்கும் தண்ணீருக்கும் சீக்கிரம் ஊறி மணக்கத் தொடங்கும். செயின் அல்லது றப்பர் வார்தான் நமக்குத் தோது. பின்பக்கத்தில் 30 மீற்றர் என்று போட்டிருந்தால் 30 மீற்றர் ஆழத்துக்கு இறங்கலாம் என்று அர்த்தம் இல்லை. தெறிக்கும் தண்ணீரை மட்டும் தாங்கும். கடலில் குளிப்பவர்கள் 100 மீற்றர் பார்த்து வாங்குங்கள்.

இனி, இந்தப் பதிவை எழுத வைத்த விடயத்துக்கு வருகிறேன். சம்பந்தப்பட்ட வாப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

தரம் 9 வகுப்பில் வட்டத்தின் பரிதி படிப்பிக்கும்போது, நூலும் அடிமட்டமும் கொடுத்து மணிக்கட்டை அளக்கச் சொல்வது என் வழக்கம். கலாசாலையில் படித்த காலத்திலிருந்தே, பிள்ளை தன் உடம்பில் அளந்ததை மறக்காது என்ற நம்பிக்கை எனக்கு. சுற்றளவைப் பையால் வகுத்து, வந்த விடையை நேரே அளந்த அகலத்தோடு ஒப்பிட வேண்டும். பெரும்பாலும் இரண்டும் பொருந்தாது. ஏன் பொருந்தவில்லை என்பதுதான் அன்றைய பாடம்.

ஒரு மகன் மட்டும் மணிக்கூட்டைக் கழற்றத் தயங்கினான். முழுக்கறுப்பில் பெரிய மணிக்கூடு. கைக்கு மேல் ஒரு கோப்பையைக் கவிழ்த்தது போல இருந்தது. கழற்றியதும் பார்த்தேன். திருகி குத்திக் குத்திப் புறங்கையில் ஒரு சிவந்த தடம். வாரில் கடைசித் துளைக்கும் பிறகு, கவராய முனையால் இன்னும் மூன்று துளை போட்டிருந்தான்.

"இது பெருசுதானே மகன், நோகலியா?"

"வாப்பா கட்டாரிலேருந்து அனுப்பின சேர்."

அதற்குப் பிறகு நான் ஒன்றும் கேட்கவில்லை. அவன் கைச் சுற்றளவு 14.5 சென்ரிமீற்றர். அகலம் 46 மி.மீ. மணிக்கூட்டின் நீளம் 53.

அந்த வாப்பா இடைக்கிடை வாட்ஸ்அப்பில் மகனின் படிப்பு விசாரிப்பவர். அந்தக் கிழமையும் பேசினார். படிப்பு பற்றிக் கேட்டுவிட்டு, "மணிக்கூட்டக் கட்டுறானா சேர்?" என்றார். ஒரு நாளும் கழற்றுவதில்லை என்றேன். சந்தோஷப்பட்டார். கடைசியில் அளவையும் சொல்லிவிட்டேன். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை தடத்தோடுதான் திரிவான்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார், "நான் என்ட கைல கட்டிப் பார்த்துத்தான் சேர் வாங்கின."

கட்டட வேலை செய்யும் மனிதர். அவர் கை 19க்குக் குறையாது. கடைசியாக லீவில் வந்தபோது மகனுக்குப் 11 வயது. பிள்ளையின் கையை அளந்து பார்க்க அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. தன் கையைத்தான் நீட்டியிருக்கிறார்.

"எவ்வளவு சொன்னீங்க சேர்? திரும்பச் சொல்லுங்க, எழுதிக்கிறன்" என்றார். சொன்னேன். எழுதினார். பிறகு கேட்டார், "சின்ன மகள்ட கை எவ்வளவு இருக்கும் சேர்?"

அது எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அந்த மகனுக்குத் தெரியும். அடுத்த நாள் வீட்டுக்கு நூல் கொண்டுபோய்த் தங்கச்சியின் கையை அளந்து, வாப்பாவுக்கு அவனே அனுப்பினான். உம்மாவின் கையையும் அளந்திருக்கிறான்.

பெரிய மணிக்கூட்டை என்ன செய்வது என்று ரவுனில் மணிக்கூடு திருத்தும் நானாவிடம் கேட்டேன். "வாரக் குறைக்கலாம் சேர், மணிக்கூட்டக் குறைக்க ஏலாது. பிள்ளைட கை வளரும், பற்றரியக் கழட்டி வைக்கச் சொல்லுங்க" என்றார். பற்றரியை உள்ளே விட்டு வருடக் கணக்கில் வைத்தால் கசிந்து இயந்திரத்தைக் கெடுக்கும். அதனால் கழற்றித்தான் வைத்திருக்கிறான். உயர்தரம் படிக்கும்போது கட்டுவானாம்.

வெளிநாட்டில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மணிக்கூடு வாங்கப் போகும் முன் வீட்டுக்குக் கோல் எடுத்து, நூலால் அளந்து சொல்லச் சொல்லுங்கள். சுற்றளவு, அகலம், இரண்டும் கேளுங்கள். பிடித்த மணிக்கூட்டின் நீளத்தைக் கடையில் கேட்டு, அதே நீளத்துக்கு ஒரு கடதாசியை வெட்டிப் பிள்ளையின் கையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சேர்ப்ரைஸ் கெட்டுப் போகும் என்று நினைக்க வேண்டாம். வாப்பா என் கை அளவு கேட்டார் என்பதே பிள்ளைக்குப் பெரிய விடயம். வளர்கிற பிள்ளை என்றால், ஒரு வருடத்துக்கு முன் எழுதிய அளவை நம்பாதீர்கள். திரும்ப அளக்கச் சொல்லுங்கள்.

மாப்பிள்ளைக்கு வாங்கும் பெண் வீட்டாரும் மச்சான்மாரிடம் சொல்லி ஒரு நூலைச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. அளவு தெரிந்தால், பாதி விலைக்கு, அவர் தினமும் கட்டும் ஒரு மணிக்கூடு கிடைக்கும்.

உங்கள் கை அளவை கமெண்டில் போட்டால், எந்த அளவு பார்க்கலாம் என்று எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன். பிராண்ட் மட்டும் கேட்காதீர்கள்.