கயிற்றில் ஒட்டிப் போன புதையல்

சரக்கோடு வரும் குப்பைக்குக் கணக்கில் மதிப்பில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த பி.காம். பட்டதாரி நான். மணவாளக்குறிச்சி கடற்கரையில் அந்த நினைப்பு போச்சு!

இங்கே மணலில் கறுப்பும் சிவப்பும் கலந்து மின்னுகிறது. திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குக் கப்பலேறிய கயிற்றில் இந்த மண் ஒட்டிக்கொண்டு போயிருக்கிறது. ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் ரசாயன நிபுணர் கயிற்றை விட்டுவிட்டு மண்ணை ஆராய்ந்தார். மோனசைட்! அதற்குள் தோரியம். ஐரோப்பியத் தெருக்களில் காஸ் விளக்கு எரிந்த காலம். அந்த மேன்டிலுக்குத் தோரியம்தான் உயிர். (நம்ம கல்யாண வீட்டு பெட்ரோமாக்ஸில் தொங்குமே, அதேதான் சார்!)

1909-ல் மணலைத் தேடி வந்தவர் இங்கேயே ஆலையும் போட்டார். 1914-ல் உலகப் போர். மனிதர் எதிரி நாட்டுக்காரராகிவிட, வியாபாரம் பிரிட்டிஷார் கைக்குப் போனது. பிறகு கரண்ட் வந்து மேன்டிலையும் அணைத்தது. பெயிண்டுக்கு உதவும் இல்மனைட்டால் தொழில் பிழைத்தது. 1965-லிருந்து மத்திய அரசின் ஐ.ஆர்.இ. நடத்துகிறது.

வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம், "பாட்டா, ஜெர்மன்காரர் ஆலை எங்க இருந்திச்சு?" என்றேன்.

"அவன யாருக்குத் தெரியும் மக்கா? கிள்ளியூர் பக்கமும் மண்ணு தோண்டப் போறாவளாமே, அத எழுதுவியா?"

இந்த மண்ணில் இயற்கையாகவே கதிர்வீச்சு அதிகம். கடற்கரைக் குடும்பங்களுக்குப் புற்றுநோய் பயம் தீரவில்லை. அங்கே 1,144 ஹெக்டேரில் திட்டம். 2024-ல் எதிர்ப்பு கிளம்பி, கருத்துக் கேட்புக் கூட்டமே தள்ளிப்போனது.

எழுதிட்டேன், பாட்டா.